கேமரா ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கக் கணினி அனுமதி மறுக்கிறதா? ஒவ்வொரு பூட்டாகத் திறக்கும் வழி

சென்ற முகூர்த்த சீசனில், ஒரு கல்யாண வேலைக்கு மூன்று நாள் இருக்கும்போது, என்னிடம் உள்ள இரண்டு கேமராக்களுக்கும் ஃபர்ம்வேரை, அதாவது கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, புதுப்பிக்க உட்கார்ந்தேன். புதிதாக வாங்கிய லென்ஸ் பழைய ஃபர்ம்வேரில் சரியாக ஃபோகஸ் ஆகவில்லை. அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். இரண்டு இரவுகள் போயின. கேமராவில் குறை எதுவும் இல்லை, இறக்கிய கோப்பும் சரியான கோப்புதான். கணினியின் பாதுகாப்பு அமைப்புகள்தான் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே நின்றன. ஒன்றைத் தாண்டினால் அடுத்தது.

அந்த இரண்டு இரவுகளில் இணையத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் பாதி, "ஆன்டிவைரஸை எடுத்துவிடு, பாதுகாப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடு" என்ற ரகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு கட்டத்தில் தடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பூட்டுதான். அது எது என்று திரையில் வரும் செய்தியே சொல்லிவிடும். அந்த ஒன்றை மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம். எந்தச் செய்திக்கு எந்தப் பூட்டு என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் கேமராவுக்குக் கணினியின் அனுமதி தேவைதானா என்று முதலில் பாருங்கள்

இதை முதலிலேயே பார்த்திருந்தால் எனக்கு ஒரு இரவு மிச்சமாகியிருக்கும்.

ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் முறைகள் மூன்று. முதலாவது கார்டு முறை. கோப்பை மெமரி கார்டில் போட்டு, கார்டைக் கேமராவில் செருகி, கேமரா மெனுவிலேயே புதுப்பிப்பது. கேனன், நிக்கான், ஃபூஜிஃபில்ம், பானசோனிக் கேமராக்களில் இதுதான் வழக்கமான முறை. இதில் கணினிக்கு உள்ள ஒரே வேலை கோப்பைக் கார்டில் நகல் எடுப்பது. எந்தச் செயலியும் ஓட வேண்டியதில்லை, கேமராவோடு பேசக் கணினிக்கு உதவும் டிரைவர் என்ற மென்பொருளும் ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது யூஎஸ்பி முறை. கேமராவைக் கேபிளால் கணினியோடு இணைத்து, நிறுவனம் தரும் செயலி ஒன்றை ஓட்டி, அது கேமராவுக்குள் ஃபர்ம்வேரை ஏற்றுவது. சோனியின் ஆல்ஃபா 7 மார்க் 3, ஆல்ஃபா 6300 போன்ற முந்தைய தலைமுறைக் கேமராக்களில் இந்த முறை இருந்தது. ஆல்ஃபா 7 மார்க் 4 வந்தபோது கார்டு வழியாகவே செய்ய வழி வந்துவிட்டது. ஒலிம்பஸ், ஓஎம் சிஸ்டம் கேமராக்களுக்கு ஓஎம் வொர்க்ஸ்பேஸ் என்ற செயலி வழியாக, யூஎஸ்பி கேபிளில் செய்யும் முறை உண்டு.

மூன்றாவது கைப்பேசி முறை. நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ், சோனியின் கிரியேட்டர்ஸ் ஆப், ஃபூஜிஃபில்மின் எக்ஸ்ஆப் போன்றவை புதிய மாடல்கள் பலவற்றுக்குக் கைப்பேசி வழியாகவே ஃபர்ம்வேரை அனுப்புகின்றன.

உங்கள் மாடலின் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து, "எப்படிப் புதுப்பிப்பது" என்ற பகுதியை முழுவதும் படியுங்கள். கார்டு முறையோ கைப்பேசி முறையோ இருந்தால் அதையே எடுங்கள். யூஎஸ்பி முறை மட்டும்தான் என்றால், பாதுகாப்பு அனுமதிகளோடு மல்லுக்கட்டத் தயாராக வேண்டியதுதான்.

2. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கேமராவின் சரியான மாடல் பெயர் வேண்டும். மேலே பெரிதாகப் பொறித்திருக்கும் பெயர் மட்டும் போதாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் மார்க் 2, மார்க் 3 என்று பல உண்டு. சீரியல் எண்ணும் அங்கேதான் இருக்கும். இரண்டையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் இப்போதைய ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சர்வீஸ் சென்டருக்குப் போக நேர்ந்தால் இந்த மூன்றையும்தான் முதலில் கேட்பார்கள். கேமரா வாங்கிய பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடி எடுத்து இவற்றோடு வைத்துவிடுங்கள்.

அடுத்தது கணினியின் அட்மின் பாஸ்வேர்டு. கடைசி நேரத்தில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நான் என் அண்ணன் மகளின் லேப்டாப்பை இரவல் வாங்கியிருந்தேன். திரையைத் திறக்கும் பின் எண் தெரியும், அட்மின் பாஸ்வேர்டு தெரியாது. இரவு பதினோரு மணிக்கு ஹாஸ்டலில் இருந்தவளை எழுப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. இரவல் கணினி என்றால் அதன் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

விண்டோஸ் கணினியில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் ரிகவரி கீ, அதாவது 48 இலக்க எண், எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். யாராவது சொன்னார்கள் என்று, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் 'செக்யூர் பூட்' (Secure Boot) என்பதை மாற்றினால், அடுத்த முறை கணினி திறக்கும்போது அந்த எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் கணினிக்குள் இருப்பதை எடுக்க முடியாது. ஃபர்ம்வேருக்காக பயாஸைத் தொட வேண்டிய தேவை எனக்கு ஒருமுறையும் வரவில்லை.

செலவு என்று பார்த்தால், ஃபர்ம்வேர் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் வெளியே வந்துவிடுங்கள். நல்ல கார்டு ரீடருக்கும் டேட்டா கேபிளுக்கும் சில நூறு ரூபாய் ஆகும், அவ்வளவுதான்.

நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். கேமராவுக்குள் ஃபர்ம்வேர் ஏற மாடலைப் பொறுத்து ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை ஆகலாம். ஆனால் அனுமதிகள், ரீஸ்டார்ட்கள் எல்லாம் சேர்ந்தால் யூஎஸ்பி முறைக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். முக்கியமான வேலைக்கு முந்தின நாள் இதைத் தொடாதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் புதிய ஃபர்ம்வேரிலிருந்து பழையதற்குத் திரும்ப முடியாது. ஏதாவது கோளாறு என்றால் சோதித்துப் பார்க்க உங்களுக்கு ஒரு வாரமாவது இருக்கட்டும்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். போதிய சார்ஜ் இல்லாவிட்டால் பல கேமராக்கள் தொடங்கவே மறுக்கும்.

3. கார்டு முறை: கோப்பை இறக்கி, கார்டில் வைப்பது

கார்டில் உள்ள படங்களை நகல் எடுத்துவிட்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கணினியில் ஃபார்மேட் செய்தால் தவறிப்போய் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வடிவத்துக்கு மாறிவிடலாம். கேமரா அதைப் படிக்காது.

கார்டை ரீடரில் செருகியதும் "டிஸ்க் ரைட் புரொடெக்டட்" என்று வந்தால், கணினியைச் சந்தேகிக்கும் முன் கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானைப் பாருங்கள். ரீடரில் நுழைக்கும்போது அது 'லாக்' பக்கம் நகர்ந்துவிடுவது ரொம்ப சாதாரணம். மைக்ரோ எஸ்டி கார்டுக்குப் பயன்படும் அடாப்டரிலும் அதே பொத்தான் உண்டு.

இறக்கிய கோப்பு சிப் (zip) கோப்பாக இருந்தால் விரித்து, உள்ளே உள்ள ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் கார்டின் முதல் நிலையில் வையுங்கள். டிசிஐஎம் போன்ற எந்த ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம். கேனனில் அந்தக் கோப்பின் பெயர் .FIR என்று முடியும், நிக்கானிலும் பானசோனிக்கிலும் .bin என்று முடியும், ஃபூஜிஃபில்மில் .DAT என்று முடியும்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. முதல் தடவை இறக்கம் பாதியில் நின்று, மறுபடி இறக்கினால் பிரவுசர் பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். ஃபூஜிஃபில்ம் போன்ற கேமராக்கள் குறிப்பிட்ட பெயரைத்தான் தேடும். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் "கோப்பு இல்லை" என்றே சொல்லும். பழைய இறக்கங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஒருமுறை இறக்குவதுதான் நல்லது. நீங்களாகப் பெயரைத் திருத்தப் போனால், விண்டோஸ் கோப்பின் வால் பகுதியை மறைத்து வைத்திருப்பதால் இன்னும் குழப்பம்.

கேமரா பக்கத்திலும் சில பழக்கங்கள் உண்டு. கேனன் மாடல்கள் பலவற்றில் மோடு டயல் ஆட்டோவில் இருந்தால் ஃபர்ம்வேர் மெனுவே தெரியாது, P (புரோகிராம்) நிலைக்கு மாற்றுங்கள். ஃபூஜிஃபில்மில் டிஸ்ப் பேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கேமராவை ஆன் செய்ய வேண்டும். நிக்கானில் செட்டப் மெனுவில் ஃபர்ம்வேர் வெர்ஷன் என்ற இடத்துக்குப் போனால் 'அப்டேட்' தெரியும். கார்டில் கோப்பு சரியாக இருந்தால்தான் அது தெரியும்.

4. விண்டோஸ் மறுத்தால்: செய்தியைப் பார்த்துப் பூட்டைக் கண்டுபிடியுங்கள்

நீல நிறப் பெட்டியில் "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்று வந்தால், அது ஸ்மார்ட்ஸ்க்ரீன். அதிகம் பேர் இறக்காத செயலி என்பதால் எச்சரிக்கிறது. கேமரா நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கினேன் என்று உறுதியாகத் தெரிந்தால், 'மோர் இன்ஃபோ' அழுத்தி, 'ரன் எனிவே' கொடுக்கலாம். அடுத்து வரும் அனுமதிப் பெட்டியில் 'வெரிஃபைடு பப்ளிஷர்' என்ற வரியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். "அன்நோன்" என்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு வரியைப் பார்க்க இரண்டு விநாடிதான் ஆகும், ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

சில நேரம் செய்தியே வராமல் செயலி பாதியில் நின்றுபோகும். இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் விண்டோஸ் ஓர் அடையாளம் குத்தி வைக்கும். சிப் கோப்பை விரித்தால் உள்ளே உள்ளவற்றுக்கும் அது பரவும். விரிக்கும் முன், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'பிராபர்ட்டீஸ்' திறந்து, 'ஜெனரல்' பகுதியின் கீழே 'அன்பிளாக்' என்ற கட்டம் இருந்தால் அதை டிக் செய்து 'ஓகே' கொடுங்கள். பிறகு விரித்து, செயலியை வலது கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து ஓட்டுங்கள்.

"கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" தடுத்தது என்று மூலையில் அறிவிப்பு வந்தால், அது ரான்சம்வேர் பாதுகாப்பு, அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கெட்ட மென்பொருளுக்கு எதிரான காவல். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதற்குள் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' போனால், குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் அனுமதி தர ஓர் இடம் இருக்கிறது. மொத்தப் பாதுகாப்பையும் அணைக்க வேண்டாம், அந்த ஒரு செயலியை மட்டும் சேருங்கள்.

குறைந்த விலை லேப்டாப்கள் சில 'எஸ் மோடு' என்ற நிலையில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் செயலிகள் மட்டும்தான் ஓடும். வெளியே வருவதற்குக் காசு கேட்க மாட்டார்கள், ஆனால் திரும்பிப் போக முடியாது. லேப்டாப் குழந்தையுடையது என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

விண்டோஸ் 11-ல் உள்ள 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்' ஒரு செயலியைத் தடுத்தால், அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குத் தர வழி இல்லை. அதை அணைத்தால் மறுபடி இயக்குவதும் எளிதல்ல. விண்டோஸையே புதிதாக நிறுவச் சொல்லலாம். 'மெமரி இன்டெக்ரிட்டி' பழைய டிரைவரைத் தடுக்கிறது என்று வந்தாலும், அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தர முடியாது. இந்த இரண்டு பூட்டுகளையும் ஒரு ஃபர்ம்வேருக்காக நான் திறக்க மாட்டேன். அரை மணி நேரத்துக்கு வேறொரு கணினியை இரவல் கேட்பது அதைவிட எவ்வளவோ மேல்.

5. ஆப்பிள் கணினி மறுத்தால்

யூஎஸ்பி முறைக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான்கு தனித்தனிப் பூட்டுகள் இருக்கின்றன.

முதல் பூட்டு, செயலியைத் திறப்பது. "திறக்க முடியாது, டெவலப்பரைச் சரிபார்க்க முடியவில்லை" என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து 'ஓப்பன்' கொடுத்தால் போதும். 2024-ல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து அந்தக் குறுக்கு வழி கிடையாது. பெட்டியை மூடிவிட்டு, 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யைத் திறந்து, கீழே நகர்ந்து 'ஓப்பன் எனிவே' அழுத்த வேண்டும். செயலியைத் திறக்க முயன்ற பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான் அந்தப் பொத்தான் இருக்கும். காணவில்லை என்றால் செயலியை மறுபடி ஒருமுறை திறக்க முயலுங்கள், வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய கேமராவின் புதுப்பிப்புச் செயலி 32 பிட் காலத்தது என்றால், 2019-ல் வந்த கேட்டலினா முதல் எந்த மேக்கிலும் அது ஓடாது. எந்த அனுமதி கொடுத்தும் பயன் இல்லை. "டெவலப்பர் இந்தச் செயலியைப் புதுப்பிக்க வேண்டும்" என்று செய்தி வந்தால், நேரத்தை வீணாக்காமல் விண்டோஸ் கணினியைத் தேடுங்கள். ரொசெட்டாவை நிறுவச் சொல்லிக் கேட்டால் மட்டும் சம்மதியுங்கள். இன்டெல் சிப்புக்காக எழுதிய செயலியை ஆப்பிள் சிப்பில் ஓட்ட உதவும் ஆப்பிளின் சொந்த மென்பொருள் அது. அதை இறக்க இணையம் வேண்டும்.

இரண்டாவது பூட்டு, சாதனத்தை இணைப்பது. வென்ச்சுரா பதிப்பு முதல், ஆப்பிள் சிப் உள்ள லேப்டாப்பில் புதிய யூஎஸ்பி சாதனத்தைச் செருகினால் "அனுமதிக்கவா?" என்று கேட்கும். எஸ்டி கார்டுக்கும் சில நேரம் கேட்கும். அவசரத்தில் மறுத்துவிட்டால் கேமரா சார்ஜ் ஆகும், ஆனால் கணினிக்குத் தெரியாது. கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் திரும்பக் கேட்கும். திரை பூட்டியிருக்கும்போது செருகினாலும் இதே நிலைதான். முதலில் திரையைத் திறங்கள்.

மூன்றாவது பூட்டு, டிரைவர். யூஎஸ்பி முறைச் செயலிகள் சில, கேமராவோடு பேசுவதற்காகக் கணினியின் உள்மையத்தில் (கர்னல்) ஒரு டிரைவரை ஏற்றும். சோனி இதற்கென்றே 'டிரைவர் லோடர்' என்று ஒரு தனிச் செயலி தருகிறது. 2017-ல் வந்த ஹை சியரா முதல், இத்தகைய டிரைவரை நீங்கள் கைப்பட அனுமதித்தால்தான் ஆப்பிள் ஏற்றும். "சிஸ்டம் எக்ஸ்டென்ஷன் பிளாக்டு" என்று செய்தி வரும். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் அடியில், அந்த டெவலப்பரின் மென்பொருள் தடுக்கப்பட்டது என்ற வரியும், அதன் பக்கத்தில் 'அலவ்' பொத்தானும் இருக்கும். பழைய பதிப்புகளில் இந்தப் பொத்தான் செய்தி வந்ததிலிருந்து 30 நிமிடம் மட்டுமே இருக்கும். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் தேடினேன். டிரைவர் செயலியை மறுபடி ஓட்டியிருந்தால் போதும்.

'அலவ்' பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்கவில்லையா? திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருள் வழியாக நண்பர் யாராவது உங்களுக்கு உதவிக்கொண்டிருந்தால், அந்தக் கிளிக்கை ஆப்பிள் ஏற்காது. கெட்ட மென்பொருள் தானாகவே அழுத்திவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது. மௌஸ், டிராக்பேடின் செயலை மாற்றும் உதவிச் செயலிகளாலும் இது நேரலாம். அவற்றை மூடிவிட்டு, அந்தக் கணினியின் சொந்த டிராக்பேடில் உங்கள் விரலாலேயே அழுத்துங்கள்.

இன்டெல் மேக் என்றால் இதோடு ஒரு ரீஸ்டார்ட், பிறகு வேலை முடிந்தது.

நான்காவது பூட்டு, ஆப்பிள் சிப் உள்ள கணினிகளுக்கு மட்டும். எம்1 முதல் வந்தவை எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் டிரைவரை அனுமதிக்கும் முன், தொடக்கப் பாதுகாப்பையே ஒரு படி குறைக்க வேண்டும். செய்யும் முறை இது. கணினியை முழுவதும் ஷட்டவுன் செய்யுங்கள். பவர் பொத்தானை அழுத்தி, "லோடிங் ஸ்டார்ட்டப் ஆப்ஷன்ஸ்" என்று வரும்வரை விடாமல் பிடியுங்கள். 'ஆப்ஷன்ஸ்' தேர்ந்து 'கன்டினியூ' கொடுங்கள். உங்கள் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டு போடுங்கள். மேலே 'யுட்டிலிட்டீஸ்' மெனுவில் 'ஸ்டார்ட்டப் செக்யூரிட்டி யுட்டிலிட்டி' இருக்கும். டிஸ்க்கைத் தேர்ந்து, 'செக்யூரிட்டி பாலிசி' அழுத்தி, 'ரெட்யூஸ்டு செக்யூரிட்டி'யைத் தேர்ந்து, அதன் கீழே, அடையாளம் தெரிந்த டெவலப்பர்களின் கர்னல் எக்ஸ்டென்ஷன்களைப் பயனர் நிர்வகிக்கலாம் என்று சொல்லும் முதல் கட்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் டிரைவர் செயலியை மறுபடி ஓட்டி, 'அலவ்' கொடுத்து, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆக மொத்தம் இரண்டு ரீஸ்டார்ட். இரண்டாவதைச் செய்யாமல் "இன்னும் கேமரா தெரியவில்லையே" என்று பலர் தவிக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டெர்மினலில் ஒரு கட்டளை அடித்து 'சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்ஷன்' முழுவதையும் அணைக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. அணைத்தால் கணினியின் உள்மையத்துக்கே காவல் இருக்காது.

யூஎஸ்பி முறை மட்டுமே உள்ள பழைய கேமராவும் ஆப்பிள் சிப் லேப்டாப்பும் வைத்திருப்பவருக்கு என் யோசனை: அக்கம்பக்கத்தில் யாரிடமாவது விண்டோஸ் லேப்டாப் இருந்தால் அதைக் கேளுங்கள். இந்த நான்கு பூட்டுகளில் இரண்டு அங்கே இல்லவே இல்லை.

6. அனுமதி எல்லாம் கொடுத்தும் கேமரா தெரியவில்லை என்றால்

கேபிளைச் சந்தேகியுங்கள். பவர் பேங்கோடு வரும் கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். கைப்பேசியைச் செருகிப் படங்கள் நகல் ஆகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஹப் வழியாக இணைக்காமல், கணினியின் சொந்தத் துளையில் நேரடியாகச் செருகுங்கள்.

பிறகு கேமராவின் மெனுவில் 'யூஎஸ்பி கனெக்ஷன்' என்ன என்று பாருங்கள். சோனியின் யூஎஸ்பி முறைக் கேமராக்களில் அது 'மாஸ் ஸ்டோரேஜ்' ஆக இருக்க வேண்டும். 'பிசி ரிமோட்' என்று இருந்தால் புதுப்பிப்புச் செயலிக்குக் கேமரா தெரியாது. நான் லைவ் ஸ்ட்ரீம் வேலைக்காக மாற்றி வைத்து மறந்திருந்தேன். கார்டையும் வெளியே எடுத்துவிட்டு முயலுங்கள். கேமரா தானாக அணையும் நேரத்தை நீட்டி வைப்பதும் நல்லது.

7. அலுவலக லேப்டாப்பில் செய்யாதீர்கள்

முதல் இரவு நான் செய்தது இதுதான். அலுவலக லேப்டாப்பில் கார்டைச் செருகினேன். "இந்த டிரைவை என்கிரிப்ட் செய்தால்தான் எழுத முடியும்" என்று கேட்டது. கோப்பைப் போட்டால் போதும் என்ற அவசரத்தில் சம்மதித்துவிட்டேன். 128 ஜிபி கார்டு. நெடுநேரம் ஓடி முடிந்தது. கேமராவில் செருகினால், கார்டையே படிக்க முடியவில்லை என்றது. பிட்லாக்கர் பூட்டிய கார்டை எந்தக் கேமராவும் படிக்காது. கார்டில் இருந்த படங்களை அதே லேப்டாப்பில் திறந்து எடுத்துவிட்டு, கேமராவில் ஃபார்மேட் செய்தேன். பாஸ்வேர்டை மறந்திருந்தால் ஒரு நிச்சயதார்த்தத்தின் படங்கள் போயிருக்கும். இன்றைக்கும் நினைத்தால் பதறுகிறது.

அலுவலகங்களில் வெளி டிரைவ்களில் எழுதுவதையே தடுத்திருப்பார்கள். "ஆக்சஸ் இஸ் டினைடு" என்று வரும். அல்லது அட்மின் உரிமை இருக்காது. இது தகவல் கசியக் கூடாது என்று வேண்டுமென்றே போட்ட பூட்டு. அதை உடைக்க முயன்றால் வேலைக்கே கேள்வி வரும். கேமரா அலுவலகத்துடையது என்றால், ஐடி துறைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அதில் கேமரா மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் பக்கத்தின் முகவரி, என்ன செய்தி வருகிறது என்பதன் படம், எவ்வளவு நேரத்துக்கு அனுமதி வேண்டும் என்ற ஐந்தும் இருந்தால் பதில் சீக்கிரம் வரும். "கேமரா வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி எழுதினால் கேள்வியும் பதிலுமாகவே சில நாள் போய்விடும்.

8. ஏறிக்கொண்டிருக்கும்போது

லேப்டாப்பின் சார்ஜரைச் செருகி வையுங்கள், ஸ்லீப் ஆகாதபடி மாற்றுங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால் கரண்ட் கட் அறிவித்த நேரத்தில் தொடங்காதீர்கள். கேமரா திரை கறுத்துப்போனாலும், விளக்கு மட்டும் மினுங்கினாலும், முடிந்தது என்று செய்தி வரும்வரை கேபிளையோ பேட்டரியையோ தொடாதீர்கள். பாதியில் அறுந்தால் கேமரா மறுபடி ஆன் ஆகாமலே போகலாம்.

9. திறந்த பூட்டுகளை மூடுங்கள்

கேமராவின் மெனுவில் புதிய பதிப்பு எண் தெரிகிறதா என்று பாருங்கள். நான்கைந்து படம் எடுத்து, ஆட்டோஃபோகஸ், ஃபிளாஷ், வீடியோ மூன்றையும் சோதியுங்கள். சில கேமராக்களில் உங்கள் சொந்த அமைப்புகள் அழிந்திருக்கலாம். தேதி, நேரத்தை மட்டுமாவது சரிபாருங்கள்.

பிறகு கணினி. ஆப்பிள் சிப் உள்ளதில், அதே பவர் பொத்தான் வழியில் போய் 'ஃபுல் செக்யூரிட்டி'க்குத் திருப்புங்கள். டிரைவர் செயலியை நீக்கிவிடுங்கள். விண்டோஸில் விலக்குக் கொடுத்த செயலியைப் பட்டியலிலிருந்து எடுங்கள், ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்திருந்தால் இயக்குங்கள். என்னென்ன மாற்றினோம் என்று தொடக்கத்திலிருந்தே ஒரு தாளில் எழுதி வந்தால் இந்த வேலை ஐந்து நிமிடம். இரவல் கணினி என்றால் அந்தத் தாளைச் சொந்தக்காரரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

10. எதுவும் பலிக்கவில்லை என்றால்

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ஃபர்ம்வேரை ஏற்றித் தருவார்கள். போகும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாடலுக்குச் செய்வீர்களா, கட்டணம் எவ்வளவு, அன்றே கிடைக்குமா. வாரண்டிக்குள் இருந்தால் பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்துப் போங்கள். லென்ஸ், கார்டு, ஸ்ட்ராப் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பாடியையும் சார்ஜ் செய்த ஒரு பேட்டரியையும் மட்டும் கொடுங்கள். ஒப்படைக்கும்போது ரசீதில் சீரியல் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று கவுன்டரிலேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.